நனைந்த புத்தகங்களும் கடைசிப் பக்கத்து மதிப்பெண்களும்

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது வேலூரில் பாதிப் பேர் பாலத்தின் மேல் நின்று வேடிக்கை பார்த்தார்கள். நானும் போனேன். ஆண்டு முழுக்க மணலையும் முட்செடியையும் மட்டுமே காட்டும் ஆறு அது. தண்ணீரைப் பார்த்த மகிழ்ச்சியோடு தோட்டப்பாளையத்து வீட்டுக்குத் திரும்பினால், பின்னறைப் பரணிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மெட்ராஸ் டெரஸ் கூரை, மர உத்திரத்தின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட பழைய காலத்துக் கட்டு. மேல்தளத்தில் எங்கோ ஓடு விட்டிருக்கிறது. கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். பரணில் என்ன இருக்கிறது என்பதே எனக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் ஒரு நாற்றம் வந்தது. ஈரக் கோணிப்பையும் பழைய ரொட்டியும் சேர்ந்தது போன்ற நாற்றம். அப்போதுதான் உறைத்தது.

நாற்பத்தேழு புத்தகங்கள். எண்ணிவிட்டுத்தான் இறக்கினேன். ராணிப்பேட்டையில் ஒரு தோல் மண்டியில் முப்பது வருடம் கணக்கெழுதியவன் வேறு எப்படிச் செய்வான்?

முதல் வேலையையே தவறாகச் செய்தேன். மறுநாள் கொஞ்சம் வெயில் எட்டிப்பார்த்தது. எல்லாவற்றையும் மொட்டை மாடியில் வடகம் காயவைப்பது போலப் பரப்பினேன். மாலைக்குள் அட்டைகள் ஓலைக் கொட்டான் மாதிரி வளைந்துகொண்டன. மேல்பக்கம் மொறுமொறுப்பு, உள்ளே அதே ஈரம். அவற்றோடு ஒரு தீபாவளி மலரும் இருந்தது. வழவழப்பான ஆர்ட் தாள், நிறையப் படங்கள். அது காய்ந்து ஒரே கட்டியாகிவிட்டது. ஆர்ட் தாளின் மேல் பூசியிருக்கும் வெண்பூச்சு ஈரத்தில் இளகி, காயும்போது பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஈரமாக இருக்கும்போதே தாளுக்கு நடுவே தாள் வைத்துப் பிரித்திருக்க வேண்டும். இப்போது அது செங்கல். கத்தியை விட்டு நெம்பினால் ஒரு நடிகையின் பாதி முகம் மட்டும் பெயர்ந்து வந்தது. விட்டுவிட்டேன்.

பிறகுதான் புத்தி வந்து பைண்டர் பாயைத் தேடிப் போனேன். மண்டியின் பேரேடுகளை எல்லாம் தைத்துக் கொடுத்தவர்; இப்போது கண் சரியில்லை, கடையை மூடிவிட்டார். என்னைப் பார்த்ததும், "வெயிலில் வைத்தீர்களா சார்?" என்றுதான் முதலில் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. "மின்விசிறிக் காற்று போதும். நிற்க வையுங்கள், படுக்க வைக்காதீர்கள். அச்சுப் பதியாத நியூஸ்பிரின்ட் தாளாகப் பார்த்து நடுநடுவே வையுங்கள். படித்த நாளிதழை வைத்தால் அதன் மை உங்கள் புத்தகத்தில் இறங்கிவிடும்."

அப்படியே செய்தேன். அச்சகத்தில் உருளையின் மிச்சத்தாள் எடைக்குக் கிடைத்தது. பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒரு தாள். அதற்கு மேல் திணித்தால் முதுகு வெடித்துவிடும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்ற வேண்டும். கூடத்தில் விசிறிக்குக் கீழே புத்தகங்கள் விரித்த நிலையில், குந்திய கோழிகள் போல நின்றன. பத்து நாள் நாங்கள் சமையலறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பூசணம் பிடித்தவற்றை மட்டும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே எடுத்துப் போய் பெயின்ட் பிரஷால் தட்டினேன். நன்றாகக் காய்ந்த பிறகுதான் தட்ட வேண்டும். ஈரத்தில் தட்டினால் பூசணம் மை போல இழுபடுகிறது. இந்தப் பாடத்தை இரண்டு புத்தகங்களைக் கொடுத்துக் கற்றேன்.

தாள் மாற்றிக்கொண்டிருந்தபோதுதான் அந்த மதிப்பெண்கள் கண்ணில் பட்டன. பத்தொன்பது வயதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். படித்து முடித்ததும் கடைசிப் பக்கத்தில் தேதி, பத்துக்கு எத்தனை, ஒரு வரிக் கருத்து, எல்லாம் பென்சிலில். முதல் பக்கத்தில் என் பெயரையும் வாங்கிய இடத்தையும் இங்க் பேனாவில் எழுதியிருப்பேன். மழையில் பெயரெல்லாம் கரைந்து நீலக் குட்டையாகிவிட்டது. பென்சில் அப்படியே இருந்தது. பென்சில் என்பது கரிதானே, தண்ணீர் அதை என்ன செய்யும்? ஆக, என் புத்தகம் என்பதற்குச் சாட்சி போய்விட்டது. நான் போட்ட தீர்ப்பு மட்டும் மிச்சம்.

தீர்ப்புகளைப் படித்தபோது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. "அபாரம்!! 10." "ஆசிரியர் நடையைக் கற்றுக்கொள்ள வேண்டும். 5." யார் இந்தப் பையன் என்று தோன்றியது.

இருந்தாலும் அழிக்கவில்லை. பேரேட்டில் ரப்பர் கூடாது. தப்பான தொகையின் மேல் ஒரே ஒரு கோடு, கீழே இருப்பது தெரியும்படி. மேலே சரியான தொகை, பக்கத்தில் சுருக்கொப்பம். தைத்து முடித்த ஒவ்வொரு புத்தகத்தையும் திரும்பப் படித்துவிட்டு, இதே முறையில் திருத்துவது என்று முடிவு செய்தேன். தைக்க ஒரு நாள், படிக்க ஒரு வாரம். வேலை அடுத்த ஆடி வரை இழுத்ததற்கு அதுதான் காரணம். மனைவி சொல்வது போல் என் சோம்பல் அல்ல.

பசைதான் முதலில். ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர். கட்டி விழாமல் கரைத்து, சிறு தீயில் கண்ணாடி போல ஆகும் வரை கிளறி, ஆறியதும் துணியில் வடிகட்ட வேண்டும். பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொன்னார் பாய். ஒன்றுக்கு இரண்டாகப் போட்டேன்; பசை பச்சை கண்டு, முதல் புத்தகத்தின் முதுகுத் தாளில் இன்றும் அந்த நிறம் தெரிகிறது. துத்தம் விஷம் என்பதால் அந்தப் பாத்திரமும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பவே முடியாது. இதைப் பிறகுதான் சொன்னேன். அது வேறு கதை. கடைப் பசை ஏன் கூடாது என்று கேட்டேன். "மைதாவை நனைத்தால் விட்டுவிடும். அது விடாது. நாளைக்கு இதை யாராவது மறுபடி பிரிக்க வேண்டாமா?" என்றார். நாற்பது வருடம் கழித்து இன்னொருவன் பிரிப்பான் என்ற கணக்கோடு இன்று ஒட்டுகிற தொழில் அது.

கிழிந்த ஓரங்களுக்கு மெல்லிய தாள் வேண்டும். ஆம்பூர் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டில் காலணிப் பெட்டிகள் மலையாகக் கிடந்தன. அவற்றில் ஷூவைச் சுற்றிவரும் வெள்ளைத் தாள் பொருத்தமாகத் தெரிந்தது. பசை பட்டதும் நூலாம்படை போலப் பிய்ந்தது. மூன்று தாள் வீணான பிறகு வழி பிடிபட்டது: பசையைத் தாளில் தடவாமல் புத்தகத்தின் கிழிசலில் தடவி, மேலே தாளை உலர்ந்தபடியே வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்தினால் உட்காருகிறது. எழுத்துகள் அதன் வழியே தெரிகின்றன. பழைய செல்லோடேப் ஒட்டியிருந்த இடங்களில் மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. டேப்பை முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கி எடுக்கலாம். அது விட்டுப்போன பழுப்புக் கறை போகாது.

தைப்பதற்காகப் பிரித்த முதல் பெரிய புத்தகம் 'புயலிலே ஒரு தோணி', ப. சிங்காரத்தின் நாவல். 1984இல், மூர் மார்க்கெட் எரிவதற்கு முந்தைய வருடம், அங்கே பழைய புத்தகமாக வாங்கியது. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்து: "தாவித் தாவிப் போகிறது. கோவை இல்லை. 3."

நூலை அறுத்து, ஃபாரம் ஃபாரமாகப் பிரித்து வரிசையாக அடுக்கினேன். ஃபாரம் என்பது ஒரு பெரிய தாளை மடித்துப் பதினாறு பக்கமாக்கிய கட்டு. தைப்பதற்கு முன் பக்க எண்ணைச் சரிபார்ப்பது வழக்கம். சரிபார்த்தால் நடுவில் பதினாறு பக்கம் இல்லை. மழையில் போனதல்ல; இரு பக்கமும் நூல் தளர்ந்து, பழைய தூசு படிந்து, அங்கே ஒரு பள்ளமே விழுந்திருந்தது. நான் வாங்குவதற்கு முன்பே அந்த ஃபாரம் உதிர்ந்துபோயிருக்கிறது.

அதாவது, பதினாறு பக்கம் இல்லாத நாவலைப் படித்துவிட்டு, கோவை இல்லை என்று ஆசிரியருக்கு மூன்று மதிப்பெண் போட்டிருக்கிறேன். பக்க எண் தாவுவதைக்கூடப் பார்க்கவில்லை. கணக்கன்!

எனக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நாவல் உண்மையிலேயே தாவக்கூடியதுதான். பாண்டியன் போர்க்கால இந்தோனேசியாவில் ஒரு தெருவில் நடந்துகொண்டிருப்பான். அடுத்த பத்தியில் மதுரைத் தெருக்கள் அவன் தலைக்குள் திறந்துகொள்ளும். அதனால் ஃபாரம் விழுந்த பள்ளத்தையும் உத்தி என்றே நினைத்திருப்பேன். மாவட்ட மைய நூலகத்தில் பிந்தைய பதிப்பு ஒன்று கிடைத்தது. பக்க அமைப்பு வேறு. என் பதினாறு பக்கம் அதில் வேறு எண்களில், ஒரு பக்க நடுவில் தொடங்கி இன்னொரு பக்க நடுவில் முடிந்தது. நகலெடுத்து, என் அளவுக்கு வெட்டி, மடித்துத் தைத்துச் சேர்த்தேன். தொடங்க வேண்டிய வரிக்கும் நிறுத்த வேண்டிய வரிக்கும் பென்சிலில் அம்புக்குறி. பிறகு முதலிலிருந்து படித்தேன். 1972இல் வெளிவந்த தமிழ் நாவலுக்குள் இவ்வளவு கடலும் கப்பலும் கடைவீதியும் சாராயமும் சங்கப்பாட்டும் எப்படி ஒன்றாக அடங்கின என்று இன்னும் வியப்பாகவே இருக்கிறது. மூன்றின் மேல் கோடு, 9. ஒன்றைக் குறைத்தது, கடைசிப் பகுதியில் கதை கொஞ்சம் அவசரப்படுகிறது என்பதற்காக. இந்த முறை பக்க எண்களைச் சரிபார்த்துவிட்டே சொல்கிறேன்.

அடுத்த அவமானம் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. 1981இல் வந்த சுந்தர ராமசாமியின் நாவல். என் பதிவு 1986: "தமிழ் நாவலின் திருப்புமுனை. 9." படித்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். முதுகைச் சீர்செய்யும்போது பார்க்கிறேன், அறுபதாம் பக்கத்துக்குப் பிறகு ஓரிடத்தில் மேல்விளிம்பு வெட்டுப்படாமல் இரண்டு தாள் ஒட்டியே இருக்கின்றன. மடிப்பு பிரியவில்லை. காகிதக் கத்தி பட்ட அடையாளமும் இல்லை. அந்தப் பக்கங்களை எந்த மனிதக் கண்ணும் பார்த்ததில்லை. ஆக, அன்று போட்ட ஒன்பது எனக்கு நானே போட்டுக்கொண்டது.

மடிப்பைக் கத்தியால் பிரித்துவிட்டு உட்கார்ந்தேன். ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள் ஜே.ஜே. இறந்தான் என்று தொடங்கும் அந்த முதல் வரி மட்டும் நன்றாக நினைவிருந்தது. எல்லாருக்கும் அது நினைவிருக்கும். ஜோசப் ஜேம்ஸ் என்று ஒரு மலையாள எழுத்தாளனைக் கற்பனையாகப் படைத்து, அவன் வழியாகத் தமிழ் எழுத்துலகத்தைக் கிண்டல் செய்யும் இடங்களில் வாய்விட்டுச் சிரித்தேன். டைரிக் குறிப்புகளில் சில இன்றும் கூர்மை. சில இடங்களில் வாக்கியத்தை மெருகேற்றுவதிலேயே எழுத்தாளர் நின்றுவிடுகிறார் என்று பட்டது. 7. பொய்யாகப் போட்ட ஒன்பதைவிட இது அவருக்கு மரியாதை என்று நினைக்கிறேன். வேறு சிலர் சண்டைக்கு வரக்கூடும்.

ராகுல சாங்கிருத்தியாயனின் 'வால்காவிலிருந்து கங்கை வரை' எதிர்த்திசையில் போனது. கண. முத்தையா மொழிபெயர்ப்பு. இருபது வயதில் போட்ட பத்து, இரண்டு ஆச்சரியக்குறி. புத்தகமும் அதற்கேற்ப நைந்திருந்தது. நண்பர்கள் கை மாறி மாறிப் படித்ததில் முதல் நான்கு ஃபாரங்களின் மடிப்பே அறுந்து, ஒவ்வொரு தாளாகத் தொங்கியது. ஒவ்வொரு மடிப்புக்கும் மெல்லிய தாள் பட்டை ஒட்டி இணைத்த பிறகே ஊசி நுழைக்க முடிந்தது. கி.மு. 6000இலிருந்து 1942 வரை இருபது கதைகள். தாய் தலைமை தாங்கும் ஆதிக்கூட்டம் பற்றிய முதல் கதைகள் இப்போதும் உடம்பைச் சிலிர்க்க வைக்கின்றன. காலம் நம்மை நெருங்க நெருங்க, பாத்திரங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு வகுப்பெடுக்கிறார்கள். 7 போட்டேன். ஆனால் நைந்துபோனது எந்தப் பகுதி? அந்த முதல் நான்கு ஃபாரம்தான். கடைசி ஃபாரங்கள் புத்தம்புதிதாகவே இருந்தன. இருபது வயதிலேயே எங்கள் விரல்களுக்குத் தெரிந்திருக்கிறது, பென்சிலுக்குத்தான் தெரியவில்லை.

'பொழுதுபோக்கு பௌதிகம்', யா. பெரெல்மான். சோவியத் அச்சு. நனைந்தது, காய்ந்தது, அவ்வளவுதான். தையல் அசையவில்லை. 9 அப்படியே.

மு.வ.வின் 'அகல் விளக்கு' என்னைக் கொஞ்சம் உலுக்கியது. கல்லூரியில் போட்டது: "ஒரே அறிவுரை. 4." 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற நாவல், மு.வ. வட ஆர்க்காட்டுக்காரர், வாலாஜாவுக்குப் பக்கத்தில் வேலம் அவர் ஊர். கதை பாலாற்றைப் பற்றிய பேச்சிலேயே தொடங்குகிறது. தண்ணீரில்லாத ஆறு என்று கரைக்காரர்களே பழிப்பார்கள் என்ற பேச்சு. கூரை ஒழுகிய வாரத்தில் பாலத்தில் நின்று வெள்ளம் பார்த்தவனுக்கு, அந்தத் தொடக்கத்தைப் பத்தொன்பது வயதில் எப்படித் தாண்டிப் போனேன் என்று புரியவில்லை. வாலாஜாவில் சேர்ந்து படிக்கும் வேலய்யனும் சந்திரனும். ஒருவன் அடங்கி எரிகிறான், மற்றவன் அழகும் அறிவும் இருந்தும் கட்டுக்கடங்காமல் எரிந்து தீர்கிறான். அறிவுரை உண்டுதான், நிறையவே உண்டு. ஆனால் நோயோடு திரும்பிவரும் சந்திரனை எனக்குத் தெரியும். மண்டியில் என்னோடு வேலை பார்த்த ஒருவன் அவன்தான். என்னைவிடக் கணக்கில் புலி, முப்பத்தெட்டு வயதில் போய்விட்டான். நாலை அடித்து ஏழாக்கினேன். நாவலாசிரியர் அதே இடத்தில்தான் இருக்கிறார். இந்த மூன்று மதிப்பெண்ணைச் சேர்த்தது அந்த நண்பன்.

அதற்கு மட்டும் தோல் முதுகு போட ஆசைப்பட்டேன். ராணிப்பேட்டையில் தோலுக்கா பஞ்சம்? பழைய மண்டியில் துண்டுகள் கேட்டு வாங்கினேன். முதல் துண்டு குரோம் உப்பால் பதனிட்ட ஆட்டுத்தோல். நீலம் பாரித்த சதை. ஓரத்தைச் சீவினால் ரப்பர் போலத் துள்ளுகிறது, மடித்தால் மடிப்பு நிற்கவில்லை, பசையையும் சரியாக உறிஞ்சவில்லை. ஷூவுக்கு அது ராஜா, புத்தகத்துக்கு ஆகாது. பாய் விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிட்டார், "பட்டைத் தோல் கொண்டுவாருங்கள் சார்." ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடுவது எங்கள் பக்கத்துப் பழைய முறை, குரோம் வந்த பிறகு குறைந்துவிட்டது. தேடி ஒரு முழத் துண்டு கிடைத்தது. கத்தி வெண்ணெயில் இறங்குவது போல ஓரம் சீவியது, நனைத்து மடித்தால் சொன்ன இடத்தில் நின்றது. முப்பது வருடம் தோல் கணக்கெழுதியவனுக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எழுபது சதுர அங்குலத்தில்தான் விளங்கியது.

மனைவியின் புத்தகம் ஒன்று நடுவில் வந்து சேர்ந்தது: மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்', அவள் அம்மாவிடமிருந்து வந்த பிரதி. 1951இல் முதலில் வந்த புத்தகம் இது. மழையில் நனையவில்லை; "அதையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள்" என்று வைத்துவிட்டுப் போனாள். கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன், மதிப்பெண் இல்லை. குழம்புப் பக்கங்களில் மஞ்சளும் புளியும் எண்ணெயும் வரைபடம் போலப் படர்ந்திருந்தன. எண்ணெய் பட்ட இடத்தில் மைதாப் பசை பிடிக்காது. முகப்பவுடர் தூவி, மேலும் கீழும் உறிஞ்சும் தாள் வைத்து, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு எண்ணெயைக் கொஞ்சம் இழுத்தேன். கறை போகவில்லை, பசை பிடித்தது. கறையைப் போக்கியிருந்தால் திட்டியிருப்பாள். எந்தப் பக்கம் எது என்று அவள் அதைப் பார்த்துத்தான் எடுக்கிறாள். இதற்கு எத்தனை போடலாம் என்று கேட்டேன். "எதற்கு மதிப்பெண்? செய்தால் வரும்" என்றாள். பத்து என்று எழுதப் போன பென்சிலை வைத்துவிட்டேன்.

கடைசியாக எடுத்தது அம்மாவின் 'பொன்னியின் செல்வன்'. புத்தகமாக வாங்கியது அல்ல. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வந்த தொடர் பிற்பாடு மறுபடி வந்தபோது, வாரா வாரம் கிழித்துச் சேர்த்துப் பாய் போன்ற யாரோ ஒருவரிடம் கொடுத்து ஐந்து பாகமாகக் கட்டிவைத்தது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு கட்டு இருக்கும். தைக்க முடியாத புத்தகம் இது. எல்லாம் தனித்தனித் தாள், மடிப்பே கிடையாது. துருப்பிடித்த கம்பிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுத்து, ஓரத்திலிருந்து அரை விரல் உள்ளே துளையிட்டு, பக்கவாட்டில் தைக்க வேண்டியிருந்தது. அப்படித் தைத்தால் புத்தகம் முழுதாக விரியாது. விரியாமல்தான் அம்மாவும் படித்தாள்.

அம்மா மதிப்பெண் போடுகிறவள் அல்ல. ஆனால் ஓரங்களில் பென்சில் இருந்தது. பால் கணக்கு. "திங்கள் 1, செவ்வாய் 1, புதன் இல்லை." வந்தியத்தேவன் சுரங்கப் பாதையில் மாட்டிக்கொள்ளும் அத்தியாயங்களில் மட்டும் பால் கணக்கு இல்லை, அந்த வாரங்களில் பால்காரரிடம் தகராறு வந்ததா என்று தெரியவில்லை. என் பழைய மதிப்பெண் 8. மாற்றவில்லை. பக்கத்தில் சுருக்கொப்பமும் போடவில்லை; அது அவள் பேரேடு.

நாற்பத்தேழில் நாற்பத்தொன்று தேறிவிட்டது. ஐந்தை எடைக்குப் போட்டேன். மீதி ஒன்று, அந்தத் தீபாவளி மலர்ச் செங்கல், நல்ல கனம், ஓரங்கள் செவ்வையாக இருக்கிறது. பசை போட்ட புத்தகத்தை இரவெல்லாம் அழுத்திவைக்க அதைவிட வாகான பொருள் வீட்டில் இல்லை. அம்மாவின் ஐந்தாம் பாகம் இப்போது அதன் அடியில் இருக்கிறது. காலையில் எடுக்க வேண்டும்.